அம்மாவின் சுவெட்டர் நனையும்போது

பேய்க்கதை கேட்கும் ஆசையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம்: அது சுவெட்டர். வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன, கழுத்துவரை பொத்தான் வைத்த, சாம்பல் நிறக் கம்பளிச் சுவெட்டர். வாசனை அதற்குள்தான் இருந்தது. இதைச் சொன்னதும் கேட்பவர்களின் முகம் சப்பென்று ஆகிவிடும். எனக்கு நேர்மாறு. சுவெட்டர்தான் என்று தெரிந்த பிறகுதான் அந்த வருடத்தை நினைத்தால் அதிகம் பயமாக இருக்கிறது.

இலங்கை மலைநாட்டில், பூனாகலைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்பது வெறும் வாய்ப்பழக்கம். ஒரு தேயிலைச் செடிகூட எங்களுக்குச் சொந்தமில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் தாழ்வாரம், அவ்வளவுதான் இருப்பு. அப்பா பெக்டரியில் கொழுந்து காயவைக்கும் பகுதியில் வேலை பார்த்தார். அம்மா பங்களாவில் துரையின் பிள்ளைக்கு ஆயா. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகி அடுத்த காம்பராவுக்கே வந்துவிட்டிருந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். யார் வீட்டில் என்ன சம்பல் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரைசாணியும் போகிற அன்று, அம்மாவைக் கூப்பிட்டு அந்தச் சுவெட்டரையும் பாதிக்கு மேல் நிறைந்திருந்த ஒரு சென்ட் போத்தலையும் கொடுத்தார். வேலை போனதற்கு அம்மா அழவில்லை. குழந்தையை விட்டதற்கு இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் போத்தலைத் திறந்தாள்.

அந்த சென்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர் ரோஜா அல்ல அது. கண்ணாடி மூடியை எடுத்ததும் காம்போடும் முள்ளோடும் ஒடித்த ரோஜா வரும். கொஞ்சம் பச்சை, கொஞ்சம் புளிப்பு, மூக்கின் உள்ளே லேசாக எரியும். பால் கலக்காத ஒரு சாயத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அந்தக் காரம் அடங்கி மாவு மாவாகிவிடும். புது பவுடர் டின்னை முதல் தடவை திறந்தால் வருமே, அப்படி. எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் அடியிலிருந்து காடு வரும். மழைவிட்ட பிறகு மரப்பட்டையில் ஊறிக் கிடக்கும் பாசி, மக்கிய இலை, ஈர மண். அந்தக் காட்டுக்குள் ரோஜா இன்னும் இருக்கும். எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியாது.

"மொதல்ல தொரசாணி வருவாங்க. அப்புறம் அவங்க பாப்பா வரும். கடைசியாத்தான் நம்ம ஆளு வரும், காட்டுக்காரி" என்று அம்மா சிரிப்பாள்.

அவள் தோலில் ஒருநாளும் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகுமுன் போத்தல் மூடியால் சுவெட்டரின் கழுத்துப் பட்டியை உள்பக்கமாகத் தொட்டுக்கொள்வாள். தோலில் போட்டால் வேர்வை குடித்துவிடுமாம், கம்பளிதான் சேர்த்து வைக்குமாம். அவள் சிக்கனக்காரி. சிக்கனம் என்று நான் சொல்கிறேன், அத்தை அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.

அத்தையின் கல்யாணத்தன்று, கூறைச் சேலையில் இரண்டு சொட்டு விடச்சொல்லி அவள் என் அம்மாவிடம் கேட்டாள். அம்மா தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அத்தைக்கு முன் வரிசையில் முழங்காலில் நின்ற அம்மாவின் கழுத்திலிருந்து ரோஜா வீசியது. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா என்னிடம் பேசுவாள், அந்தப் பக்கம் அத்தை பூனையிடம் பேசுவாள். பேச்சு மட்டும் ஒருத்திக்கு ஒருத்தி போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. இதெல்லாம் சமாதானமாகிவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனவள் அதே லொறியில் பெட்டிக்குள் திரும்பி வந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

எங்களில் இறந்தவர் மேல் சென்ட் தெளிப்பது வழக்கம். கடையில் அதற்கென்றே சின்னப் போத்தல் வாங்கி வருவார்கள். அத்தை அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, எங்கள் காம்பராவுக்குள் போய் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த துரைசாணியின் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு எப்போதுமே தெரிந்திருந்தது. மூடியை எடுத்து முழுப் போத்தலையும் அம்மாவின் மேல் கவிழ்த்தாள்.

"எல்லாத்தயும் நீங்களே வச்சுக்குங்க அண்ணி. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று கத்தி அழுதாள். காலி போத்தலை அம்மாவின் காலடியில் வைத்தாள். அது அம்மாவோடு மண்ணுக்குள் போனதை லயமே பார்த்தது.

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நான் நின்றேன். பவுடர் வாசனைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூடி திறந்தபோது வந்த அதே பச்சை ரோஜா, அதே எரிச்சல், பெட்டியை மூடும்வரை மாறவே இல்லை. சூடில்லாத உடம்பில் சென்ட் நகராது என்பது பிறகு பெரியவளாகித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அம்மா கோபமாக இருக்கிறாள், பாப்பாவையும் காட்டுக்காரியையும் வெளியே விடமாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு மட்டுமல்ல, அத்தைக்கும் அது பட்டிருக்கிறது. கல்லறையிலிருந்து திரும்பும்போது, "கடைசிவரைக்கும் அடங்கவே இல்ல, பாத்தியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அம்மாவின் துணிகளை அத்தையே மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள். சுவெட்டரையும் சவுக்காரம் போட்டுக் கசக்கி, வெயில் வந்த நாள் பார்த்துக் காயப்போட்டாள். அப்பா அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டுமுன் நான் மோந்து பார்த்தேன். சவுக்கார வாசனைதான் இருந்தது.

வருடம் திரும்பியதும் அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. லுணுகலைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். இருபது வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. வந்த அன்றே எங்கள் குளிரைப் பார்த்து மிரண்டு போனாள். ஊரில் அவளுடைய அண்ணனும் அண்ணியும்தான். அந்த அண்ணி, பஸ் ஏற்றிவிடும்போதே திரும்பி வராதே என்று சொல்லித்தான் அனுப்பினாளாம். ஆக, அவளுக்கு இருந்தது இந்த ஒரு காம்பராதான்.

அந்தக் காம்பராவுக்குள் அவளை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பாவுக்கு அவள் "இந்தா". அத்தைக்கு "ஏ புள்ள". அண்ணி என்று சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. நான் அதுவும் சொல்லமாட்டேன். பக்கத்தில் போய் நிற்பேன், அவளாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவள் கோபிக்கவில்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டாள், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், அந்தியில் பீலியில் தண்ணீர் பிடித்து வந்தாள். பல் கிடுகிடுவென்று ஆடும். ஒருநாள் அப்பா தகரப் பெட்டியைத் திறந்து சுவெட்டரை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுதான் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை.

மாலையானால் கொஸ்லந்தைப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து லயத்தை மூடிவிடும். அந்தப் பனியில் தண்ணீர் சுமந்து வந்து, ஈரச் சுவெட்டரோடு அவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். அடுப்புச் சூடு முன்னாலிருந்தும் உடம்புச் சூடு உள்ளிருந்தும் கம்பளிக்குள் ஏறியது. நான் பக்கத்தில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தேன். முதலில் பவுடர் வந்தது. நான் நிமிர்ந்தேன். பிறகு, மெதுவாக, காடு வந்தது.

நான் அலறிவிட்டேன். அத்தை ஓடிவந்தாள். வாசலிலேயே நின்றாள். மூக்கு விரிந்தது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அன்னிக்கு வராதது இப்ப வருது" என்றாள். "அண்ணி... அடங்கி வந்துட்டாங்க."

யோசித்துப் பாருங்கள். சென்ட் முழுதும் அம்மாவோடு புதைந்துவிட்டது, போத்தல் உள்பட. சுவெட்டரை அத்தை தன் கையாலேயே துவைத்திருந்தாள், வாசனை போனதை நானே மோந்து பார்த்திருந்தேன். பெட்டிக்குள் இருந்த உடம்பில் வராமல் நின்றுபோன மிச்சப் பாதி, சரியாக அந்த இடத்திலிருந்து, ஒரு புதுப்பெண்ணின் கழுத்தில் தொடருகிறது. எங்களுக்கு அதில் சந்தேகப்பட எதுவுமே இருக்கவில்லை.

வேறு வீடாக இருந்தால் பேயோட்டப் பார்த்திருப்பார்கள். நாங்கள் அதைப் போகவிடக் கூடாது என்று பார்த்தோம். உபதேசியாருக்குத் தெரிந்தால் ஜெபமாலையோடு வந்து துரத்திவிடுவார், ஆகவே அவர் காதில் விழக்கூடாது என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். பனி ஏறும் நேரம் பார்த்து எங்கள் காம்பராவுக்குள் வந்து, அந்தப் பெண்ணின் எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். வாசனை வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, என்னய மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கெஞ்சுவாள்.

முதல் நாள் அவள் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். அத்தை விடவில்லை. நாலைந்து நாள் ஆனதும் அவள் தாங்கமாட்டாமல், "மன்னிச்சிட்டேன், போங்க" என்றாள். அத்தை அவள் மடியில் விழுந்து அப்படி அழுதாள். அந்த அழுகை அவளுக்கானதில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்புறம் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா என்று கேட்டார்கள். காணாமல்போன சேவலைப் பற்றிக்கூட அம்மாவிடம் விசாரணை நடந்தது. உயிரோடு இருந்தபோது அம்மாவுக்குத் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்றே தெரியாது.

நான் என்ன செய்தேன் என்றால், வாசனை வந்ததும் ஓடிப்போய் அவள் மடியில் படுத்துக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்பேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுப்பாள். சுவெட்டர் காய்ந்து, காட்டு வாசனையும் தேய்ந்ததும் எழுந்து போய்விடுவேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த மடி யாருடையது என்று நினைக்கவே இல்லை.

அப்பா மட்டும் பேசமாட்டார். பெக்டரியிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் முகத்தை அல்ல, கழுத்தையும் அல்ல. அவளுக்குள்ளே நுழைந்து பின்னால் யாரோ நிற்கிற மாதிரி பார்ப்பார். ஒருநாள் வாசனை நன்றாக எழுந்திருந்தபோது, அம்மாவைத் தனியாக இருக்கும்போது கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் "ம்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவள் வந்து எத்தனையோ மாதம் ஆகியும் அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லி அழைத்த ஒரே தடவை அது, அதுவும் அவள் பெயர் இல்லை.

அதற்கு மறுநாள் அவள் சுவெட்டரைப் போடவில்லை. பழைய சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். வாசனை வரவில்லை. அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தச் சுவெட்டர்லதாங்க இருக்கு" என்று அவள் அத்தையிடம் சொன்னாள். "நான் நல்லா பாத்துட்டேன். ஈரமாயி சூடு பட்டா வருது. அவங்க இல்லீங்க."

"நான் தொவச்ச துணி எனக்குத் தெரியாதா? அண்ணி வர்றது ஒனக்குப் புடிக்கல, அதச் சொல்லு" என்றாள் அத்தை. "அவங்கள வெரட்டிட்டு நீ இங்க இருந்துருவியா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெதுவாக, "குளுருதில்ல, போட்டுக்க" என்றார்.

அடுத்த நாள் மாலை நான் இஸ்தோப்பு ஓரத்தில் கல்லாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா நேரத்தோடு வந்திருந்தார். உள்ளே போய்ச் சுவெட்டரை எடுத்து வந்தார். பள்ளத்திலிருந்து பனி மேலே வந்துகொண்டிருந்தது. சுவெட்டரை உதறி, கழுத்துப் பட்டி வெளிப்பக்கம் தெரியும்படி மடித்து, வாசல் கொடியில் போட்டார். கையை வைத்து வைத்துப் பார்த்தார். போதிய அளவு ஈரம் ஏறியதும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். பீலியிலிருந்து குடத்தோடு வந்த அவள் அங்கே நின்றிருந்தாள்.

அவருக்குத் தெரிந்திருந்தது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. இப்போது அவரே தன் கையால் அம்மாவை வரவழைத்துக்கொண்டிருந்தார். பேய்க்குப் பயந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அவர் நீட்டிய சுவெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் அவள் லயத்துக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் பெரிய பானையை ஏற்றினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, சுவெட்டரை உள்ளே அமுக்கினாள்.

ஆவி எழுந்தது. முதலில் காடு. அதற்கு மேல் பவுடர். பிறகு, அடக்கம் செய்த நாளுக்கப்புறம் யாருமே மோந்திராத அந்தப் பச்சை ரோஜா. லயம் முழுக்கப் பரவியது. கதவுகள் திறந்தன. அத்தை தலைமுடியைக்கூட முடியாமல் ஓடிவந்தாள்.

"என்னடி பண்ற? அதுல அண்ணி இருக்காங்கடி!"

அவள் கட்டையால் பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்தது. புகையாக இருக்கலாம் என்று நாங்கள் நினைத்துக்கொள்ள அவள் இடம் தரவில்லை.

"இருந்தாங்க. எம்மேல இருந்தாங்க. அப்ப நான் எங்கங்க இருக்கறது, சொல்லுங்க?"

அப்பா கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே, சத்தம் போடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க கொடியில போட்டத நான் பாத்தேன். என்னய லுணுகலைக்கே அனுப்பிருங்க, அங்க எங்கண்ணி அடிச்சாலும் என்னயத்தான் அடிப்பா. இல்லேன்னா என்னயப் பாருங்க."

அப்பா ஆவிக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்தார். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்து, ஊர் பார்க்க, குழந்தை மாதிரி அழுதார். அம்மாவின் சாவில்கூட அவர் அழவில்லை. அத்தை போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். பானை கொதித்தது. கொஞ்ச நேரத்தில் ஆவியில் சவுக்காரத்தைத் தவிர ஒன்றும் இல்லாமல் போனது, பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள்.

அடுத்த வாரம் அப்பா பண்டாரவளைக்குப் போய், ஒரு முஸ்லிம் கடையில் அவளுக்குப் பழுப்பு நிறச் சுவெட்டர் ஒன்று வாங்கி வந்தார். மட்டமான சுவெட்டர், கையெல்லாம் நீளம். "அளவு சரியா?" என்று கேட்டு அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டாள். அவளுக்கு வெட்கப்படத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொதித்த கம்பளி சுருங்கும். கொடியிலிருந்து எடுத்தபோது அம்மாவின் சுவெட்டர் பாதியாகி, தடித்து, சின்னப் பிள்ளைக்குத் தைத்தது மாதிரி ஆகியிருந்தது. அவள் அதை எனக்குப் போட்டுப் பொத்தான் மாட்டினாள். சரியாக இருந்தது.

"ஒங்கம்மா ஒனக்குத்தான். எனக்கில்ல" என்றாள்.

நான் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வரும்போது பனி பிடித்துக்கொண்டது. மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறினேன். கழுத்தோரம் வேர்த்து, கம்பளி சூடானது. பாதி வழியில் பவுடர் வந்தது. மிகக் கொஞ்சம், ஆனால் அதேதான். நான் நின்றுவிட்டேன். பின்னாலேயே காடும் வந்தது. சுற்றிலும் வெள்ளையாகப் பனி, ஒரு ஆள் கிடையாது. "அம்மா" என்றேன். இந்த முறை கட்டிக்கொள்ள வேறு யாரும் இல்லை, என் கழுத்துத்தான்.

திருப்பத்தில் லயத்தின் புகை தெரிந்தது. எங்கள் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. அவள் பழுப்புச் சுவெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். அப்பா வந்திருப்பார், அளவு சரியா என்று கேட்ட அதே முகத்தோடு. நான் இப்படியே உள்ளே போனால் அப்பா திரும்புவார். என்னைப் பார்ப்பார், எனக்குப் பின்னால் பார்ப்பார். அவள் அதைப் பார்ப்பாள்.

சுவெட்டரைக் கழற்றிச் சுருட்டி, துணிப்பையில் கொப்பிகளுக்கு அடியில் அமுக்கினேன். கழுத்தைப் பாவாடை நுனியால் துடைத்தேன். அந்தக் காடு லேசில் போகாது. போகும்வரை குளிரில் நின்றேன்.

உள்ளே போனதும், "சுவெட்டர் எங்க?" என்று கேட்டாள்.

"வேர்த்துச்சி, சின்னம்மா."

அவள் கையிலிருந்த அகப்பை நின்றது. அதுவரை நான் அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வா, கை வெறச்சிருக்கு" என்று அடுப்புக்கு முன்னால் இடம் விட்டாள். பையை அடுப்புச் சூடு படாத மூலையில் வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.